சேலத்தில் ஐடிஐ டீசல் மெக்கானிக் முடித்த என் தம்பி அண்டார்டிகா ஆய்வு நிலைய வேலைக்குப் போக முடியுமா? அங்கே வேலை எப்படி இருக்கும்?

போகலாம். விஞ்ஞானிகளுக்கு மட்டும்தான் அங்கே இடம் என்று நினைக்க வேண்டாம். மைத்ரி (1989), பாரதி (2012) என்ற நம் இரண்டு நிலையங்களையும் கோவாவில் இருக்கும் தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. ஜெனரேட்டர் மெக்கானிக், வண்டி மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், சமையல்காரர் என்று ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பார்கள். விளம்பரம் அவர்களுடைய இணையதளத்திலேயே வரும். "நான் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். உடல், மனநலப் பரிசோதனைகள் கடுமையாக இருக்கும். அதன் பிறகு உத்தராகண்டில் ஆலியில் பனிப் பயிற்சி.

ஏற்காட்டு மார்கழிக் குளிரை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மைத்ரியில் குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும், சுமார் இரண்டு மாதம் சூரியனே எழாது. அந்த நேரத்தில் ஆராய்ச்சிக் கருவி ஒன்று நின்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஜெனரேட்டர் நின்றால் அப்படி விட முடியாது. மைத்ரிக்குத் தண்ணீர் பக்கத்திலுள்ள பிரியதர்ஷினி ஏரியிலிருந்து குழாயில் வருகிறது. கரண்ட் போனால் பம்பும் நிற்கும், குழாயைச் சூடாக வைத்திருக்கும் ஏற்பாடும் நிற்கும். உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்து விரிந்து குழாயையே பிளந்துவிடும். அதனால் பம்பை நிறுத்தினால் அடுத்த வேலை குழாயை வடித்துவிடுவதுதான்.

எரிபொருள் விஷயத்தை உங்கள் தம்பி இப்போதே படித்து வைக்கட்டும். நம்மூர் பங்க் டீசலில் மெழுகு இருக்கிறது, குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். பாரதியில் ஓடுவது ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருள். அதன் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. ஆனால் டீசல் அளவுக்கு அதில் வழவழப்பு கிடையாது, இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் பம்ப் சீக்கிரம் தேயும். டேங்கில் துளி நீர் இருந்தாலும் ஐஸ் துணுக்காகி அதே ஃபில்டரில் வந்து நிற்கும். எரிபொருளிலிருந்து நீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரைத் தவறாமல் வடிக்க வேண்டும்.

பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தால் மைனஸ் 50லும் உறையாது. சார்ஜ் இறங்கிக் கிடந்தால் மைனஸ் 10 பக்கத்திலேயே உறைந்து, பெட்டி விரிசல் விட்டுவிடும். வெளியே நின்ற வண்டியை நேராக ஸ்டார்ட் அடிக்கக் கூடாது. முதலில் கூலன்ட்டையும் ஆயிலையும் சூடேற்ற வேண்டும். பிவிசி ஒயரை வெளியில் வைத்து வளைத்தால் மேலுறை விரிசல் விட்டு உடைந்துபோகும், உள்ளே கொண்டுவந்து சூடான பிறகுதான் வளைக்கலாம். வெறும் கையால் ஸ்பேனரைப் பிடித்தால் விரலின் ஈரம் இரும்போடு ஒட்டிக்கொள்ளும், வெடுக்கென்று இழுத்தால் தோல் உரியும். பெரிய கையுறைக்குள் மெல்லிய கையுறை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

பனியை விடப் பெரிய பயம் தீ. மைனஸ் 25 டிகிரிக் காற்றை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 3 சதவீதத்துக்குப் போய்விடும். மரம், துணி, மெத்தை எல்லாம் காய்ந்து சருகாகக் கிடக்கும். அணைக்க வைத்திருக்கும் தண்ணீரோ உறையக் கூடியது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மைத்ரி தாழ்வான இடம், சோறு ஏற்காட்டை விட அங்கே சீக்கிரம் வேகும். தோசை மாவைத்தான் கதகதப்பான இடம் பார்த்து வைக்க வேண்டும்.

 

தம்பிக்குச் சொத்தைப் பல் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே சேலத்தில் அடைத்துவிடச் சொல்லுங்கள். குளிர்காலம் தொடங்கிவிட்டால் கப்பலும் வராது, பல் டாக்டரும் கிடையாது.