சொராரிட்டியில் சேராவிட்டால் வேலை கிடைக்காதா?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஒரு குடும்பம். மகளுக்கு பெர்க்லியில் சிவில் என்ஜினியரிங் கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது. சந்தோஷமாக இருக்க வேண்டிய வீட்டில் தினம் வாக்குவாதம். டாலஸில் இருக்கும் பெரியம்மாதான் காரணம். அவர் மகள் தெற்கத்திய பல்கலைக்கழகம் ஒன்றில் சொராரிட்டியில், அதாவது மாணவிகள் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சங்கத்தில், சேர்ந்து, அங்கே பழகிய சீனியர் வழியாக இன்டர்ன்ஷிப் வாங்கிவிட்டாளாம். "இந்த ஊரில் படிப்பு மட்டும் போதாது, நாலு பேரைத் தெரியணும், முதல் வருஷமே சேர்த்துவிடு" என்று விடாமல் ஃபோன். பெண் மாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தலாமா என்று அம்மா கேட்டார்.

அம்மா, நீங்கள் இங்கே கல்லூரிக்குப் போனவர் இல்லை, அதனால் ஏதாவது ஒன்றை நம் பெண் தவறவிட்டுவிடுவாளோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். இதில் நான் பூசி மெழுகப் போவதில்லை.

முதலில் சொராரிட்டிக்கு ஆள் எடுக்கும் 'ரஷ்' எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். செமஸ்டர் தொடங்கும்போதே சில நாட்கள், ஒவ்வொரு சொராரிட்டியின் வீடாகப் போய் முன்பின் தெரியாத சீனியர்களிடம் சில நிமிடங்கள் சிரித்துப் பேச வேண்டும். யாரை மறுபடி கூப்பிடுவது, யாரை விடுவது என்று அன்றிரவு அவர்கள் முடிவு செய்வார்கள். கடைசியில் 'பிட்', அதாவது சேரச் சொல்லும் அழைப்பு, வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நம் ஊர் பெண் பார்க்கும் படலத்தை ஒரே வாரத்தில் பல வீட்டில் நடத்துவதுபோல. இதை ரசித்துச் செய்யும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் போகட்டும். மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லும் பதினெட்டு வயதுப் பெண்ணை ஊருக்குப் புதிதாகப் போன வாரத்திலேயே அங்கே தள்ளினால் நாலு பேர் பழக்கம் வராது, தன்னைப் பற்றிய சந்தேகம்தான் வரும்.

அப்புறம் வேலை. கட்டுமானம், நிலநடுக்கப் பாதுகாப்பு மாதிரித் துறைகளில் ஆள் எடுப்பவர்கள் பார்ப்பது என்ன செய்து பழகியிருக்கிறாள் என்பதை. கான்கிரீட்டில் படகு செய்து போட்டிக்குப் போகும் மாணவர் அணி பெர்க்லியில் இருக்கிறது. அதில் ஒரு வருஷம் கை அழுக்கானவளுக்குத் துறையில் இருக்கும் பழைய மாணவர்களின் பழக்கம் தானாக வரும்.

"கமலா ஹாரிஸே சொராரிட்டிதானே" என்றாராம் பெரியம்மா. உண்மைதான், அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தார். ஆனால் அது 1908-இல் கறுப்பின மாணவிகள் தங்களுக்குத் தாங்களே உண்டாக்கிக்கொண்ட அமைப்பு. அவர்கள் அதில் ஆயுள் முழுக்க இருக்கிறார்கள், அதன் வரலாறே வேறு. கமலாவின் அம்மா ஷியாமளா கோபாலனைப் பாருங்கள். 1958-இல், பத்தொன்பது வயதில், உங்கள் பெண் போகிற அதே பெர்க்லிக்கு இந்தியாவிலிருந்து தனியாக வந்தவர். அவருக்குச் சொந்தபந்தம் மாதிரி ஆனவர்கள் அங்கே கறுப்பின மாணவர்கள் நடத்திய ஒரு படிப்பு வட்டத்தில் கிடைத்தார்கள்.

இப்போது நான் சொல்ல வருவது, யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்று: கோ-ஆப், அதாவது மாணவர்களே சேர்ந்து நடத்தும் தங்கும் வீடுகள். பெர்க்லி மாணவர் கூட்டுறவு 1933-இல், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், வாடகை கொடுக்க முடியாத மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது. இன்று பதினேழு வீடுகள், மூன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஆயிரத்து இருநூறுக்கும் மேல் மாணவர்கள். நடத்துவதும் அவர்களேதான். வாடகை எவ்வளவு என்று முடிவு செய்யும் இயக்குநர் குழுவில் உட்காருவதும் மாணவர்கள். பெரிய வீடுகளில் ஆளுக்கு வாரம் ஐந்து மணி நேரம் வேலை. சமையல், பாத்திரம், குளியலறை, குப்பை, எதுவாகவும் இருக்கலாம், செய்யாவிட்டால் அபராதம். சாப்பாடு வாடகையிலேயே அடக்கம், எல்லாம் சேர்த்தும் பல்கலைக்கழக டார்ம் (விடுதி) செலவைவிட வெகு குறைவு. லோத்லோரியன் என்ற வீடு முழுச் சைவம். ஐம்பது சொச்சம் பேருக்கு அங்கே இருக்கும் பிள்ளைகளே சமைக்கிறார்கள். பெண்களுக்கென்று ஷெர்மன் ஹால் இருக்கிறது. முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சுற்று எதுவும் கிடையாது.

வீட்டு மேனேஜர், சமையலறை மேனேஜர், வேலைப் பங்கீட்டு மேனேஜர், பராமரிப்பு மேனேஜர் எல்லாரையும் அந்தந்த வீட்டு மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், பொறுப்புக்கு ஏற்ப வாடகையில் சலுகை உண்டு. உங்கள் பெண் வீட்டில் குழாய் ஒழுகினால் தானே ஸ்பேனர் எடுப்பாள் என்றீர்களே, இரண்டாம் வருஷம் அவள் பராமரிப்பு மேனேஜராக நின்று, பழைய கட்டடத்தில் எந்தக் குழாயை இந்த மாதம் மாற்றுவது, எதற்குக் காசு போதாது என்று வீட்டுக் கூட்டத்தில் அத்தனை பேரிடமும் விளக்கிச் சம்மதம் வாங்கினால், சிவில் என்ஜினியருக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரிந்து கல்லூரிக்குள் வேறு இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். சில வீடுகள் இரைச்சல், சில வீடுகள் அழுக்கு, பார்ட்டிக்குப் பேர்போன வீடுகளும் இருந்திருக்கின்றன. க்ளாய்ன் கோர்ட் என்ற பெரிய வீட்டில் ஒரு மாணவர் போதை மருந்தால் பாதிக்கப்பட்டு வழக்கு வரை போனபிறகு, 2014-இல் அதை மது, போதை கூடாத, படிப்புக்கான வீடாக மாற்றினார்கள். அதனால் விண்ணப்பிக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். சமையலறையைப் பாருங்கள், இரவு பத்து மணிக்கு வீடு எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். காத்திருப்போர் பட்டியல் உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

பணத்தில் நான் கறார். பெரிய தெற்கத்திய பல்கலைக்கழகங்களில் சொராரிட்டிக்கு செமஸ்டருக்கே சில ஆயிரம் டாலர் போகிறது, உடை, படம், பயணம் தனி. பெர்க்லியில் எவ்வளவு என்று யார் பேச்சையும் நம்பாதீர்கள், முதல் வருஷ முழுச் செலவை எழுத்தில் வாங்குங்கள். கல்விக்காகச் சேர்க்கும் வரிச் சலுகைக் கணக்கான 529-இலிருந்து எடுக்கலாம் என்று கணவர் சொன்னாராமே, கூடாது. உறுப்பினர் சந்தா தகுதியான கல்விச் செலவு இல்லை. எடுத்தால் அதற்குரிய லாபத்துக்கு வரியும், அதன் மேல் பத்து சதவீத அபராதமும். கோ-ஆப் வாடகையும் சாப்பாடும் அப்படியல்ல. குறைந்தது பாதி நேர மாணவியாக இருந்தால், பல்கலைக்கழகம் நிர்ணயித்த வரம்புக்குள் 529-இலிருந்தே கட்டலாம்.

ஃபிராட்டில், அதாவது இதே மாதிரி மாணவர்களுக்கான சங்கத்தில், சேரத் துடிக்கும் பையன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு ஃபிராட்டில் புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன், சேர்ந்த அன்றிரவே அளவுக்கு மீறிக் குடிக்க வைக்கப்பட்டு, விழுந்து, பல மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் இறந்துபோனான். 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, ராகிங் செய்ததாக உறுதியான அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். சேரப் போகும் அமைப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேர வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள்.

பெரியம்மாவிடம் நீங்களே பேசிவிடுங்கள், பெண்ணைப் பேச வைக்காதீர்கள். கோ-ஆப் வீட்டையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாளானால் அதையும் விட்டுவிடுங்கள், டார்மிலேயே இருக்கட்டும். இரண்டாம் வருஷம் அவளே வேறொன்றைத் தேடிக்கொண்டு வந்தால் அப்போது பேசுவோம்.