வாசகர் கேள்வி பதில்: கப்பலேறிய மொழி

கேள்வி: என் மகன் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். "இங்கிலீஷ் ஈஸிமா, அதனாலதான் உலகம் பூரா பேசறாங்க, தமிழ்தான் கஷ்டம்" என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? (ஒரு தாய், செந்தூல்)

பதில்: டஃப், காஃப், தோ, த்ரூ. இந்த நான்கு சொற்களையும் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள் அம்மா. நான்கும் ஒரே நான்கு எழுத்தில்தான் முடியும், ஆனால் நான்குக்கும் ஓசை வேறு வேறு. இதுவா ஈஸி? 1476-ல் காக்ஸ்டன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அதற்கப்புறம் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போனது, மக்களின் நாக்கு மட்டும் தன் பாட்டுக்கு மாறிக்கொண்டே போனது. அந்தப் பழைய கோளாறுக்குத்தான் நம் பிள்ளைகள் இன்றைக்கும் ஸ்பெல்லிங் டெஸ்ட் எழுதுகிறார்கள்.

சரி, எளிமை காரணமில்லை என்றால் வேறு என்ன? உங்கள் வீட்டையே ஒரு சுற்று பாருங்கள். நாம் மேசை என்கிறோம், மலாய்க்காரர் மேஜா என்கிறார். நமக்கு அலமாரி, அவருக்கு அல்மாரி. நமக்கு ஜன்னல், அவருக்கு ஜென்டேலா. யார் வாய்வழியாக யாருக்கு வந்திருந்தாலும் இவற்றின் வேர் போர்த்துகீசியம். 1511-ல் மலாக்காவைப் பிடித்தார்களே, அவர்களுடைய மொழி. ஆசியத் துறைமுகங்களில் இரண்டு அந்நியர்கள் சந்தித்தால் உடைந்த போர்த்துகீசியத்தில்தான் பேரம் பேசினார்கள். எந்த அளவுக்கு என்றால், 1698-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்தில், அதன் பாதிரிமார்கள் இந்தியா வந்த ஓராண்டுக்குள் போர்த்துகீசியம் கற்க வேண்டும் என்றே விதி இருந்தது! ஆங்கிலேயன் இந்தப் பக்கம் வந்து இன்னொரு மொழிக்குப் பாடம் படித்த காலம் அது. அப்போது ஆங்கிலம் பெரும்பாலும் ஒரு தீவின் மொழி, அந்தத் தீவிலும் வேல்ஸ்காரன் வேறு மொழி பேசினான்.

பிறகு கடல் கை மாறியது. 1641-ல் மலாக்கா டச்சுக்காரர் கைக்குப் போனது, 1786-ல் ஆங்கிலேயக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கினார், 1826-ல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே ஆங்கிலேய நிர்வாகத்தின் கீழ் வந்தன. அந்தப் பக்கம் அமெரிக்காவில் 1607-லேயே ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கிவிட்டது. 1763-ல் பிரெஞ்சுக்காரர் கனடாவை விட்டுக்கொடுத்த பிறகு வட அமெரிக்காவில் எந்த மொழி ஓங்கும் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. ஆகவே உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: மொழி ஈஸியாக இருந்ததால் யாரும் அதைத் தேடிப் போகவில்லை, பீரங்கியும் சரக்கும் ஏற்றிய கப்பலில் அதுவாகவே வந்தது. (தமிழும் கப்பலில் வந்ததுதான். மலாயில் கப்பலுக்கு காப்பால், கடைக்கு கெடாய்.)

கேள்வி: ஆங்கிலத்துக்கு இங்கிலாந்திலேயே மரியாதை இல்லாத காலம் இருந்ததாமே? (ஒரு வாசகர், பாயான் பாரு)

பதில்: இருந்தது. 1066-ல் நார்மண்டிக்காரர்கள் படையெடுத்துப் பிடித்த பிறகு அரண்மனையிலும் மேலிடத்திலும் பிரெஞ்சு, மாதா கோவிலில் லத்தீன், வயலிலும் தொழுவத்திலும்தான் ஆங்கிலம். மாடு மேய்த்தவன் சொன்ன பெயர் காவ், அதுவே சமைத்துத் துரையின் தட்டுக்குப் போனதும் பீஃப், அது பிரெஞ்சு. ஆடும் அப்படித்தான், தொழுவத்தில் ஷீப், தட்டில் மட்டன். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஆபீஸில் துரைக்கும் கிராணிக்கும் ஒரு மொழி, பால்மரக் காட்டில் நமக்கு ஒரு மொழி என்று இருந்ததைப் பார்த்தவர்கள்தானே. 1362-ல்தான் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்.

கேள்வி: வெள்ளைக்காரன் 1957-ல் போய்விட்டான். அவன் மொழி மட்டும் ஏன் போகவில்லை? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்)

பதில்: ஐயா, போர்த்துகீசியனுக்கு இல்லாத ஓர் அதிர்ஷ்டம் ஆங்கிலேயனுக்கு இருந்தது. அவன் சாம்ராஜ்யம் படுத்த நேரத்தில் அதே மொழி பேசுகிற அமெரிக்கா எழுந்து நின்றது. அதற்கு முன்பு ராஜதந்திரத்துக்குப் பிரெஞ்சுதான்; 1919-ல் வெர்சாய் ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் எழுதினார்கள், அங்கேயே காற்று திரும்பிவிட்டது. அறிவியலில் ஜெர்மன் பெரிய மொழியாக இருந்தது, இரண்டு போர்களும் ஹிட்லருக்குப் பயந்து ஓடிய விஞ்ஞானிகளும் அதையும் மாற்றிவிட்டார்கள். அப்புறம் சினிமா, விமானம், கணினி. 1963-ல் அமெரிக்கர்கள் கணினிக்கு வகுத்த ஆஸ்கி எழுத்து அட்டவணையில் மொத்தம் 128 இடம்தான், ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் குறிக்குமே அது சரியாகப் போய்விட்டது. நம்முடைய 'ஃ' உட்கார ஒரு மூலைகூட இல்லை.

இன்னொன்று, போன பிறகும் மொழியைப் பிடித்துவைத்தது நாமும்தான். இந்தியாவில் தமிழ்நாடு இந்தி வேண்டாம் என்று 1965-ல் கொதித்தபோது ஆங்கிலம் நீடித்தது. இங்கே மலேசியாவில் 1967-ல் தேசிய மொழிச் சட்டம் வந்தது, 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஒவ்வொரு வகுப்பாக மலாய்க்கு மாறின, 2003-ல் கணிதமும் அறிவியலும் திரும்ப ஆங்கிலத்துக்குப் போயின, 2009-ல் வேண்டாம் என்று அறிவித்தார்கள். வகுப்பறையில் சாக்பீஸோடு நின்ற உங்களுக்கு என்னைவிட இது நன்றாகத் தெரியும்.

கேள்வி: ஆங்கிலத்தில் தமிழ்ச் சொல் எத்தனை? (ஒரு மாணவி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: எண்ணிக்கை கேட்காதே தங்கச்சி. கட்டமரான் நம் கட்டுமரம், செரூட் நம் சுருட்டு, மல்லிகடானி சூப் என்று ஓட்டல் மெனுவில் பார்த்தால் அது மிளகுத்தண்ணீர். ஓராங் ஊத்தானும் அமோக்கும் மலாயிலிருந்து போனவை.

கேள்வி: என் பேரன் "கேன் லா, வை லைக் தட் லா" என்று பேசுகிறான். இதைத் திருத்தட்டுமா? (ஒரு தாத்தா, ஜார்ஜ்டவுன்)

பதில்: இன்டர்வியூவுக்குப் போகும்போது மட்டும் திருத்துங்கள் ஐயா, மாமாக் கடையில் விட்டுவிடுங்கள். உலகத்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களைவிட அப்புறம் கற்றுக்கொண்டு பேசுகிறவர்கள்தான் அதிகம், அவரவர் வசதிக்கு வளைத்துத்தான் பேசுவார்கள். உங்கள் பேரனின் 'லா' இப்போது ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது.