மேகம் மூடினால் கிரகணம் வீணா? 2002-இல் போய் ஏமாந்ததாக ஊர் சொல்லும் ஒருவனின் பதில்

"2030 நவம்பர் 25 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முழுச் சூரிய கிரகணமாம். மேகமாக இருந்தால் லீவு போட்டது வீண்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை, தாராளமாகப் போடுங்கள். ஆனால் டர்பனிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள்.

நான் வானியல் படித்தவன் இல்லை, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். எனவே நாசா கணக்கோடு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2002 டிசம்பர் 4 கிரகணத்துக்கு க்ரூகர் வனவிலங்குப் பூங்காவின் வடகோடிக்கு, புண்டா மரியா பக்கம் போயிருந்தோம். கோம்பி வேன் நிறைய சொந்தக்காரர்கள். ஆயா (பாட்டி) மட்டும் வரவில்லை. "கிரகணத்துல வாசப்படி தாண்டுவாங்களா?" என்று திட்டிக்கொண்டே வழிக்கு ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக் கொடுத்தார்.

முழு மறைப்பு காலை எட்டே காலுக்குமேல், ஒன்றரை நிமிடம்கூடக் கிடையாது. விடிந்ததிலிருந்தே வானம் மூட்டம். நடுவில் ஒருமுறை மேகம் மெலிந்து பிறைச் சூரியன் எட்டிப் பார்த்தது. மாமா கிரகணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார், அத்தை அவர் மண்டையில் ஒரு குட்டு வைத்தார். அத்தை பக்கம்தான் நியாயம். மெல்லிய மேகம் கூச்சத்தைக் குறைக்கும், கண்ணைக் காப்பாற்றாது.

அப்புறம் முழுசாக மூடிக்கொண்டது. ஆனால் வடமேற்கே மேகத்தின் அடிப்பக்கம் கறுத்துக்கொண்டே வந்தது, யாரோ படுதாவை இழுப்பதுபோல. சில நொடியில் தலைக்கு மேல் வந்துவிட்டது. கத்திக்கொண்டிருந்த கினிக்கோழிகள் கப்சிப். பிளாஸ்க் மூடியில் டீ இருக்கிறதா என்று விரலை விட்டுத்தான் பார்த்தேன். அடிவானத்தில் மட்டும் மங்கலாக ஒரு மஞ்சள்; நிலவின் நிழலின் அகலம் நூறு கிலோமீட்டருக்கும் குறைவு, அதற்கு வெளியே பகல் பாட்டுக்குப் பகல்.

கரோனாவை, அதாவது முழு மறைப்பில் சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்தை, பார்க்காதவன் கிரகணம் பார்த்ததாகச் சொல்லக் கூடாது என்பார்கள். சரி, பார்க்கவில்லை. ஆனால் "டிவியில் எங்களுக்கு நல்லாத் தெரிஞ்சுதே" என்று இளித்த என் மச்சானைவிட அதிகம் பார்த்தேன்.

2030-க்கு வருகிறேன். நவம்பர் நமக்கு மழை மாதம், கடலோரத்தில் காலை மேகம் சகஜம், கிரகணமும் காலையில்தான். முதல் நாள் வானிலையைப் பார்த்துவிட்டு உள்நாட்டுப் பக்கம் வண்டியை விடுங்கள். மலைப் பக்கம் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். வசதியிருந்தால் தென் போட்ஸ்வானா வரை போகலாம், அது வறண்ட பூமி. ஆனால் வெயில் அடிக்கிறதே என்று நிலவின் நிழல் விழும் பாதையை விட்டு ஜோஹானஸ்பர்க் போய்விடாதீர்கள். அங்கே பகுதி கிரகணம்தான், இருட்டவே இருட்டாது. விடுதிக்கு முன்பணம் கட்டினால், போகாவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.