இரண்டு தீயும் ஒன்றல்ல

கேள்வி: எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் வெளியூர் போன பிறகு மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தேன். இந்த ஆண்டு மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள், பெரும்பாலும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்தவை. ஆண்டு முடிகிறதே என்று பட்டியல் போட்டால், பாதி நாவல்களின் கதையே நினைவில் இல்லை. ‘பூக்குழி’, ‘செல்லாத பணம்’ இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். எது எதில் வருகிறது என்று இப்போது குழம்புகிறது. ஆஸ்பத்திரியில் காத்துக் கிடக்கும் அந்தக் குடும்பம் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. “ஞாபகத்துல நிக்காததை எதுக்கும்மா படிக்கிறே?” என்று மகன் கேட்கிறான். நான் படித்ததெல்லாம் வீண்தானா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வீண் இல்லை அம்மா. உங்கள் கடிதத்திலேயே அதற்கு அத்தாட்சி இருக்கிறது. ‘செல்லாத பணம்’ நாவலின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியை வீட்டார் எதிர்ப்பை மீறிக் கட்டிக்கொள்கிறாள். பிறகொரு நாள் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இமையம் எழுதியது அந்த இரண்டு வரியை அல்ல. உள்ளே மகள் வெந்து கிடக்க, வெளியே காத்திருக்கும் அப்பா நடேசனையும் அம்மா அமராவதியையும் எழுதினார். தலைமையாசிரியரான நடேசனிடம் பணம் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கத் தயார். அந்தப் பணம் அந்த வாசலில் செல்லவில்லை. அழுகை, ஏச்சு, பழி, பழைய கணக்கு என்று பெரும்பகுதி பேச்சாகவே போகிறது. உங்கள் கண்ணில் நிற்பது அந்தக் காத்திருப்புதான் என்றால், நாவலின் உயிர் உங்களிடம் வந்துவிட்டது. கதை மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் குழப்பத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அது ஞாபக மறதி இல்லை. இரண்டிலும் வீட்டாருக்குப் பிடிக்காத கல்யாணம், இரண்டிலும் தீ. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2013இல் வந்தது, இமையத்தின் ‘செல்லாத பணம்’ 2018இல். முன்னவர் கொங்குப் பக்கம், பின்னவர் கடலூர், விருத்தாசலம் பக்கம். தனித்தனியாக எழுதிய இருவர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்றால், நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்ற கேள்வி எழத்தான் செய்யும். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு, 2013இல் ரயில் தண்டவாளம் அருகே இறந்து கிடந்த தருமபுரி தலித் இளைஞர் இளவரசனுக்குப் பெருமாள்முருகன் தன் நாவலைக் காணிக்கையாக்கியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு தீயும் ஒன்றல்ல. ‘பூக்குழி’யில் நாம் சரோஜாவோடேயே இருக்கிறோம். சோடாக் கடை குமரேசனை நம்பி வந்தவள், பாறைமேல் இருக்கும் ஒற்றைக் குடிசையில் வெயிலில் காய்கிறாள். மாமியார் மாராயியின் வசவும் ஒப்பாரியும் ஓய்வதில்லை. ஊர் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து, கடைசியில் அவள் ஒளிந்திருக்கும் புதருக்குத் தீ வைக்கிறது. அவள் என்ன சாதி என்று எல்லாரும் துருவிக் கேட்கிறார்கள். நாவல் கடைசிவரை அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. படிக்கிற நமக்கும் தெரிந்துகொள்ள ஆசை வருகிறதே, அந்த ஆசையை நாமே பார்க்கும்படி பெருமாள்முருகன் செய்துவிடுகிறார். ‘செல்லாத பண’த்தில் நிலைமை நேரெதிர். பாதிக்கப்பட்டவள் உள்ளே இருக்கிறாள்; எதிர்த்தவர்கள்தான் வெளியே நம்மோடு நிற்கிறார்கள். அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபத்தை விடவும் முடியவில்லை. என் மனதில் ‘பூக்குழி’யைவிட இந்த நாவல் ஒரு படி மேலே நிற்பது இதனால்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த பட்டியலில் பெண்கள் எழுதிய நாவல்கள் மிகக் குறைவு. வெந்துபோகும் பெண்களை ஆண்கள் எழுதிப் படித்திருக்கிறீர்கள், நல்ல எழுத்துதான். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யையும் படித்துவிடுங்கள். 2004இல் வந்தது. ஓர் ஊரின் முஸ்லிம் வீடுகளுக்குள் பெண்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை ராபியா என்கிற சிறுமியும் அவளைச் சுற்றியுள்ள பெண்களும் காட்டுகிறார்கள். ஏகப்பட்ட பெயர்கள் வரும். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் சிரமம் இருக்காது.

முப்பது என்ற எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். ஒரு நாவலை மூடியதும் அடுத்ததை எடுக்காமல் சில நாள் போகட்டும். அப்புறம் புத்தகத்தைத் திறக்காமல் ஒரு நோட்டில் அரைப் பக்கம் எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். எங்கே கோபம் வந்தது, எங்கே படிப்பதை நிறுத்தினீர்கள், யார் பேச்சு காதில் நிற்கிறது, அது போதும். பிடிக்காத நாவலைப் பாதியில் வைத்துவிட்டதற்காக வருத்தப்படாதீர்கள். மகனிடம் வாதாடவும் வேண்டாம். ‘செல்லாத பண’த்தை அவர் கையில் கொடுங்கள்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். போவதற்கு முன், இந்த இரண்டு நாவல்களையும் பக்கத்தில் வைத்து இன்னொரு முறை படியுங்கள். அங்கே புதுசாக வந்ததையே அள்ளாமல், பிடித்த ஒருவரின் பழைய புத்தகத்தைத் தேடுங்கள். இமையத்தின் முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. அங்கிருந்து ரேவதியின் அப்பாவரை இந்த எழுத்தாளர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்பது தானாகவே புரியும். அதில் வரும் பேச்சு வழக்கு உங்கள் திருநெல்வேலிக் காதுக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் பிடிபடாது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சில பக்கங்களில் பழகிவிடும்.