சவுக்குக் கிளை, குருத்தோலை, குடில் புல்: கிறிஸ்துமஸ் பச்சை அலங்காரம், கேள்வி பதில்

நாகர்கோவில் பக்கம் எங்கள் கோவிலில் பீட அலங்காரமும் குடிலும் 23 வருடமாக என் பொறுப்பு. பச்சை இலை தழைகளை வைத்து வீட்டிலேயே அலங்காரம் செய்ய நினைக்கிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

அக்கா, போன வருஷம் 15-ம் தேதியே சவுக்குக் கிளை வாங்கி மணல் வாளியில் நட்டோம். பண்டிகைக்குள் பழுப்பாகி, வீடெல்லாம் ஊசியாகக் கொட்டிவிட்டது. என்ன தப்பு செய்தோம்? (கடலூர்)

முதல் தப்பு தேதி. வெட்டிய சவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் அழகாக நிற்காது. 22 அல்லது 23-ம் தேதி வெட்டினால் போதும்.

நீங்கள் ஊசி என்று சொல்வது இலையே இல்லை, மெல்லிய பச்சைக் குச்சி. ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கணுக் கணுவாகக் கழன்று வரும். உண்மையான இலை அந்தக் கணுவைச் சுற்றிப் பல் பல்லாக இருக்கும் சின்னச் செதில்தான். கிளைக்குத் தண்ணீர் குறைந்தால் இந்தக் கணுக்கள்தான் உடைந்து உதிரும். அதனால் முழு வேலையும் தண்ணீரில்தான் இருக்கிறது.

விடியற்காலையில் வெட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் அடியில் இரண்டு விரல்கடை அளவு மறுபடி சாய்வாக வெட்டி, உடனே வாளித் தண்ணீரில் இறக்கி, ஒரு ராத்திரி நிழலில் விடுங்கள். அப்புறம் நேராக மணலில் நடாதீர்கள். ஈர மணலிலிருந்து கிளை இழுக்கும் தண்ணீர் போதாது. ஒரு பெரிய டின்னில் தண்ணீர் ஊற்றி, அதில் கிளையை நிறுத்தி, அந்த டின்னை வாளிக்குள் வைத்து, சுற்றிலும் செங்கல்லும் மணலும் போட்டு இறுக்குங்கள். காலையும் மாலையும் டின்னில் தண்ணீர் பாருங்கள். ஃபேனுக்கு நேராக வைக்க வேண்டாம், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கிளை எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். உங்கள் பக்கம் சவுக்குத் தோப்பு நிறைய உண்டு. வெட்டு நடக்கிற தோப்பில் கேளுங்கள். கட்டை லாரியில் ஏறும், நுனி விறகுக்குப் போகும். அந்த நுனிதான் நமக்கு வேண்டியது, கேட்டால் தருவார்கள். கடற்கரையில் வனத்துறை நட்டு வைத்திருக்கும் சவுக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு காற்றுக்கும் அலைக்கும் தடுப்பாகப் பல இடங்களில் நட்ட மரங்கள் அவை. ஒரு வாரத்து அலங்காரத்துக்காக அதை ஒடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

நாங்கள் ஃபிளாட்டில் இருக்கிறோம். சவுக்கு கிடைக்காது. வேறு என்ன இலை தாங்கும்? (மதுரை)

மாவிலையும் நெட்டிலிங்கமும். இரண்டுமே தடித்த, மெழுகுப் பூச்சுள்ள இலைகள், ஈரத்தைச் சீக்கிரம் விடாது. நெட்டிலிங்கத்தைப் பலர் அசோக மரம் என்பார்கள். ஓரம் நெளிந்த அந்த நீள இலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டினால் அவ்வளவு அழகு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவர்களிடம் துஜா இலை (விசிறி மாதிரித் தட்டையாக விரியும் பச்சைத் தழை) இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். வேப்பிலை வேண்டாம், ஒரே நாளில் சுருண்டுவிடும்.

வாசலில் பச்சை வளையம் மாட்ட ஆசை. "துக்க வீட்டு மலர்வளையம் மாதிரி இருக்கு, வேண்டாம்" என்று மாமியார் சொல்கிறார். (பாளையங்கோட்டை)

உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. நம் ஊரில் வளையம் என்றாலே அதுதான் கண்ணுக்கு வரும். வெள்ளைப் பூவோ செவ்வந்தியோ வைக்காமல், இலை மட்டும் கட்டி, சிவப்பு ரிப்பனும் மணியும் தொங்கவிட்டால் பெரும்பாலும் அந்த எண்ணம் வராது. அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் வாசலை விடுங்கள். அதே வளையத்தை மேசைமேல் படுக்கை வாட்டத்தில் வைத்து நாலு மெழுகுவர்த்தி நிறுத்துங்கள், ஆகமன கால வளையம் ஆகிவிடும். ஆகமன காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகள் வரும் காத்திருப்புக் காலம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிச் விக்கர்ன் என்ற போதகர், தம் இல்லத்தில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் பண்டிகைக்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்க, 1839-ல் ஒரு சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை ஏற்றியதுதான் இதன் தொடக்கம். வாரத்துக்கு ஒன்று கூடுதலாக ஏற்ற வேண்டும். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு. வாசலுக்கு மாவிலைத் தோரணம் கட்டி நடுவில் ஒரு நட்சத்திரம் விடுங்கள், மாமியாருக்கும் பிடிக்கும்.

வளையத்தின் உள்சட்டத்துக்குப் பழைய சைக்கிள் ரிம் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் தென்னை ஈர்க்கு முப்பது நாற்பது சேர்த்துச் சணலால் சுற்றி வளைத்துக்கொள்ளுங்கள். இலையைச் சின்னச் சின்னக் கொத்தாக்கி, ஒரு கொத்தின் காம்பை அடுத்த கொத்து மூடும்படி ஒரே திசையில் கட்டிக்கொண்டே போக வேண்டும்.

குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடிப்போம். அதே ஓலையில் நட்சத்திரம் செய்தால் இரண்டு நாளில் தளர்ந்துபோகிறது. (குளச்சல்)

பறித்த உடனே மடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பச்சை ஓலை காயும்போது சுருங்கும், முடிச்சு இளகும். ஈர்க்கை நீக்கிவிட்டு, அரை நாள் நிழலில் வாட விடுங்கள். ஓலை துவண்டு கைக்கு வாகாக வரும். அப்போது இறுக்கி மடித்தால் பிறகு அதிகம் சுருங்காது. மிச்ச ஓலையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான், அது போனால் மரமே போச்சு. அதனால் குருத்தை மரம் ஏறத் தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும், ஒரே மரத்தில் திரும்பத் திரும்ப எடுக்கவும் கூடாது. விழுந்த மரமோ வெட்டுகிற மரமோ இருந்தால் முதலில் அங்கே போங்கள். வருடக்கணக்கில் வைத்திருக்கும் நட்சத்திரம் வேண்டுமென்றால் பனை ஓலைதான். மணப்பாடு பக்கம் பெட்டி முடைகிறவர்கள் பனங்குருத்தை வெயிலில் காயவைத்துச் சாயம் ஏற்றித்தான் முடைவார்கள். ஏற்கெனவே காய்ந்த ஓலை என்பதால் அது உருமாறாது.

குடிலுக்கு உண்மையான புல் வேண்டும். என்ன விதைக்கலாம்? (திண்டுக்கல்)

கேழ்வரகு. ஒரு ராத்திரி ஊறவைத்து, தட்டில் அரை அங்குலம் மண் பரப்பி, நெருக்கமாகத் தூவி, தண்ணீர் தெளித்து வாருங்கள். 14-ம் தேதி விதைத்தால் 24-ம் தேதி விரல் உயரம் நிற்கும். நெல் என்றால் இரண்டு நாள் முன்னால். முளைப்பாரி மாதிரி இருட்டில் வைத்தால் மஞ்சளாக வளரும். குடிலுக்குப் பச்சை வேண்டும், அதனால் முளை விட்டதும் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். கீழே வைக்கோல் பரப்பும்போது நன்றாகக் காய்ந்ததாகப் பாருங்கள். டிசம்பர் ஈரத்தில் அரைகுறையாகக் காய்ந்தது பூசணம் பிடிக்கும். 1223-ல் கிரேச்சோ என்ற இத்தாலிய ஊரில் பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலிலும் வைக்கோலும் மாடும் கழுதையும்தான் இருந்தன. பச்சைச் சாயம் போட்ட மரத்தூளைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

சிவப்பு மணிக்குக் குன்றிமணி கோக்கலாமா? (சிவகங்கை)

கூடவே கூடாது. குன்றிமணி கடும் நஞ்சு. முழு விதைக்குக் கெட்டி ஓடாவது இருக்கிறது. ஊசியால் துளைத்தால் அந்தக் காப்பும் போய்விடும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதை நினைக்கவே வேண்டாம். இட்லிப்பூக் கொத்தோ சிவப்பு மிளகாய் வற்றலோ வையுங்கள். பச்சையாக நிற்கிறதே என்று அரளியை ஒடிக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. தூக்கிப் போட்டதை ஆடு மாடு தின்றாலும் ஆபத்து.

இங்கே பால்சம் ஃபர் மரம் வாங்கினோம். தண்ணீரில் சர்க்கரை, ஆஸ்பிரின் போட வேண்டுமா? (டொரன்டோ)

வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். ஸ்டாண்டில் வைப்பதற்கு முன் அடியில் ஓர் அங்குலம் அறுத்துவிடுங்கள். அறுத்த இடம் பல மணி நேரம் காய்ந்து கிடந்தால் அப்புறம் தண்ணீர் சரியாக இழுக்காது. தண்டின் ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். அறுத்த பாகம் ஒரு வேளைகூடத் தண்ணீருக்கு வெளியே நிற்கக் கூடாது. ஹீட்டர் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

எப்போது எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்? (தூத்துக்குடி)

மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை வைப்பது வழக்கம். ஆனால் சவுக்கு அதற்குள் காய்ந்துவிட்டால் காத்திருக்காதீர்கள். காய்ந்த சவுக்கு குபீரென்று பற்றும், அடுப்பெரித்தவர்களுக்குத் தெரியும். சீரியல் செட்டைக் கழற்றிவிட்டு வெளியே கொண்டுபோங்கள். எல்இடி விளக்கு அவ்வளவாகச் சூடேறாது, ஆனாலும் காய்ந்த கிளையில் அதையும் ராத்திரி முழுக்க எரிய விட வேண்டாம். கிளையில் ஒட்டியிருக்கும் குட்டிக் குட்டிக் காய்களை மட்டும் பறித்துக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் வளையத்தில் கட்ட ஆகும். மிச்சம் வெந்நீர் அடுப்புக்கு.