எந்த ஃபில்டர் வாங்கினாலும் தீராத பிரச்சினை

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், வயது 24. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஒன்றரை வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். கூட வரும் நண்பர் ஆன்லைனில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) பவுடர் வாங்கி, எண்ணெயில் கலந்து, வீட்டிலேயே ஊசி மருந்தாகச் செய்கிறார். இரண்டு மாதத்தில் ஆறு ஊசி போட்டுக்கொண்டேன். போன வாரம் போட்ட இடுப்புப் பக்கம் கட்டி மாதிரி இருக்கிறது, உட்கார்ந்தால் வலி, ராத்திரியில் லேசாகக் காய்ச்சல். சரியாக வடிகட்டாததுதான் காரணம் என்று நினைக்கிறோம். எந்த ஃபில்டர், எந்த அளவு ஊசி, எந்த மாதிரி வயல் (ஊசி மருந்துக் குப்பி) வாங்கினால் சுத்தமாக இருக்கும்?

பதில்: தம்பி, கடையில் என்ன வாங்குவது என்பதை அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் கட்டி. வலி, காய்ச்சல் இரண்டும் சேர்ந்து இருப்பதால் உள்ளே சீழ் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். புட்டத்துத் தசையில் ஆழத்தில் பிடிக்கும் சீழ் மேலே முகம் காட்டாது. தோல் லேசாகச் சிவந்திருக்கும், அவ்வளவுதான். உள்ளே ஒரு டம்ளர் சீழ் இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை அதைக் கரைக்காது, கீறி வெளியேற்றத்தான் வேண்டும். நாளைக்கே கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, தருமபுரி பக்கம் இருந்தால் அங்குள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், சர்ஜரி ஓ.பி.யில் காட்டி, ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சு வாங்குதல், தலைசுற்றல், சிவப்பு வேகமாகப் பரவுதல் என்று எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அங்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள். 'கிளினிக்கில் ஊசி போட்டேன்' என்று சொன்னால் டாக்டர் வழக்கமான கிருமியை நினைத்து மருந்து கொடுப்பார். சுத்தமில்லாத ஊசி மருந்துகளால் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று நுழைவது உண்டு. அது ஊசி போட்டுச் சில வாரம் கழித்துத்தான் கட்டியாகத் தலைகாட்டும், சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாது, சீழை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பிக் கண்டுபிடித்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். வீட்டில் கலக்கியது என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு அந்த யோசனையே வரும்.

சரி, வடிகட்டிக்கு வருவோம். நீங்கள் கேட்ட அளவுகளை நான் தரப்போவதில்லை. பதில் கொடுத்தால் உங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்றால் கொடுத்திருப்பேன், ஆனால் கிடைக்காது. மிக நுண்ணிய ஃபில்டர் பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. செத்த பாக்டீரியாவின் உடைந்த சுவரிலிருந்து வரும் நச்சைப் பிடிக்காது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வருவதற்கு அந்த நச்சே போதும், கொதிக்க வைத்தாலும் அது போகாது. பவுடரில் ஈயமோ வேறு வேதிப்பொருளோ கரைந்திருந்தால் எண்ணெயோடு எண்ணெயாக அதுவும் ஃபில்டரைத் தாண்டி வந்துவிடும். பாக்கெட்டில் எழுதியிருப்பது டெஸ்டோஸ்டிரோன்தானா, எவ்வளவு இருக்கிறது என்பதையும் எந்த ஃபில்டரும் சொல்லாது.

மருந்துக் கம்பெனியில் வடிகட்டிய பிறகும் நம்பிவிடுவதில்லை. அந்த ஃபில்டர் ஓட்டையில்லாமல் இருந்ததா என்று சோதிப்பார்கள். மாதிரியை 14 நாள் வளர்த்துப் பார்த்து, ஒரு கிருமியும் முளைக்கவில்லை என்ற பிறகே வெளியே விடுவார்கள். நான் சொன்ன நச்சுக்குத் தனிச் சோதனை இருக்கிறது. சமையலறை மேடையில் இதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. ஊசி மெல்லியதா தடிமனா, வயல் எந்தக் கண்ணாடி என்பது உள்ளே இருப்பதை மாற்றாது.

இன்னொன்று, கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேட்கிறேன். ஒரே வயலில் இருந்து இரண்டு மூன்று பேர் எடுத்தீர்களா? ஊசி ஆளுக்கு ஒன்று புதிதாக இருந்தாலும், பழைய ஊசி ஒருமுறை அந்த வயலுக்குள் போயிருந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் பரவ வழி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியமாக வைத்திருப்பார்கள். மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கும் சேர்த்துப் பாருங்கள். நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி மருந்தின் வேலை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளை விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு ஒன்றுமே இல்லாமல் போகும். நிறுத்திய பிறகு திரும்பி வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று மனைவியை மட்டும் டெஸ்ட்டுக்கு அலைய வைக்கும் வீடுகளை நினைத்தால் எனக்கு மனசு வலிக்கிறது. ரத்தமும் கெட்டியாகும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினால், டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்டோஸ்டிரோனையே நிறுத்தி வைப்போம். நல்ல கொழுப்பு இறங்கும், இதயச் சுவர் தடிக்கும்.

நிறுத்தினால் ஆபத்தா என்று பயப்படாதீர்கள். டெஸ்டோஸ்டிரோனையும் ஸ்டீராய்டு என்றுதான் சொல்வார்கள், ஆனால் ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் தரும் ஸ்டீராய்டு வேறு. அதை நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தக்கூடாது. உங்களுடையது அப்படியில்லை, இன்றே நிறுத்தலாம். ஆனால் சில வாரங்கள் சோர்வு, ஆசைக் குறைவு, காரணமில்லாத துக்கம் வரலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் அன்றே வீட்டில் சொல்லுங்கள், 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அந்தச் சோர்வை விரட்ட மறுபடி ஊசி எடுப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

உடம்பு ஏறவில்லை என்பதுதானே உங்கள் கவலை? நைட் ஷிஃப்ட் முடித்து நாலு மணி நேரம் தூங்கிவிட்டு ஜிம்முக்குப் போனால் யாருக்கும் ஏறாது. தூக்கத்தைச் சரி செய்யுங்கள். உடம்பு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் போதும். முட்டை, மீன், நம்ம ஊர் நிலக்கடலை, பயறு, தயிர் இவற்றிலேயே அது கிடைக்கும்.

கட்டி ஆறியதும் ஹீமோகுளோபின், கல்லீரல், கொழுப்பு, காலை வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன் அளவு எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது மிச்சம் இருக்கும் பாட்டிலையும் பவுடர் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். போட்ட ஊசிகளைக் குப்பையில் வீசாமல், மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள். வீதியில் குப்பை எடுக்கும் அம்மாவின் கையில் அது குத்தக்கூடாது.