டீசல் காருக்கு ரீமேப் செய்வதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: 2016 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அடிக்கடி போய் வருகிறேன். லாரிகளை முந்தும்போது இழுவை போதவில்லை. ரீமேப் செய்யலாமா?

தக்கலைப் பக்கம் டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்க்கும் பட்டறையில் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ரீமேப் என்பது எஞ்சினை இயக்கும் கணினியின் மென்பொருளைத் திருத்திச் சக்தியைக் கூட்டுவது. அதைப் பற்றி யோசிக்கும் முன், கம்பெனி கொடுத்த சக்தி உங்கள் வண்டியில் இன்னும் முழுமையாக இருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1248 சிசி கொண்ட அந்த எஞ்சின் புதிதாக வந்தபோது சுமார் 75 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தந்தது. இத்தனை ஆண்டுகள் ஓடிய பிறகும் அது குறையாமல் இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. பிக்கப் இல்லை, ரீமேப் அடித்துவிடலாமா என்று கேட்டு எங்களிடம் வரும் வண்டிகளில் பலவற்றுக்குத் தேவைப்படுவது ரீமேப்பே அல்ல. இழந்ததைத் திரும்பக் கொடுத்தாலே போதும்.

பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய்களைப் பாருங்கள். கிளிப் போட்டிருக்கும் விளிம்பில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் தூசி ஒட்டிக் கறுத்த பிசுக்காக இருந்தால், காற்று அந்த வழியாக வெளியேறுகிறது என்று பொருள். ஒருவர் ஆக்சிலரேட்டரை அழுத்த, மற்றொருவர் அருகில் காது கொடுத்தால் உஸ்ஸென்ற ஒலியும் கேட்கும். இந்தக் கசிவை அப்படியே விட்டு ரீமேப் செய்தால், வெளியேறும் அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று சீக்கிரமே கெட்டுப்போகும். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் அமைப்பு) வழியாக வரும் கரி படிந்து குறுகிப்போன காற்றுக்குழாயான இன்டேக் மேனிஃபோல்டு ஆகியவற்றையும் இத்துடன் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு சிறிய கண்ணாடிக் குப்பிகளில் இணைத்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டால், எந்தக் குப்பியில் டீசல் மற்றவற்றைவிட வேகமாக ஏறுகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். தேய்ந்த இன்ஜெக்டரோடு எரிபொருளைக் கூட்டச் சொல்லும் ரீமேப் ஃபைலை ஏற்றினால், ஒரு சிலிண்டரில் மட்டும் வெப்பம் எல்லை மீறிப் பிஸ்டன் தலை உருகும் வாய்ப்பு உண்டு. செலவு குறைந்த இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராக லேப்டாப்பை இணைக்கும் ட்யூனரிடம், அதாவது ரீமேப் செய்பவரிடம், வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கிளட்ச்சையும் பாருங்கள். ஆளில்லாத ஏற்றமான சாலையில், நான்காவது கியரில், முள் 1800 முதல் 2000 ஆர்பிஎம் வரை இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுமையாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் சட்டென்று ஏறி, வேகமுள் கூடவே ஏறாமல் நின்றால், அந்தக் கிளட்ச் இப்போதுள்ள 190 நியூட்டன் மீட்டரையே தாங்கவில்லை. இந்த வண்டிக்கு 220 முதல் 240 வரை தருவதாக ட்யூனர்கள் சொல்வதுண்டு. அதை அந்தக் கிளட்ச் எப்படித் தாங்கும்? புதிய கிளட்ச்சுக்கான செலவை ரீமேப் செலவோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவுக்குள் எவ்வளவு டீசல், எந்த நொடியில், எந்த அழுத்தத்தில் என்று அட்டவணைகளாக எழுதி வைத்திருக்கிறார்கள்; ரீமேப் என்பது அந்த அட்டவணைகளின் எண்களை மாற்றுவதுதான். கம்பெனி சக்தியைப் பதுக்கி வைத்திருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தரம் குறைந்த டீசல், ஏப்ரல் மாத வெயிலில் ஏசியுடன் ஊர்ந்து போகும் பயணம், தள்ளிப்போட்ட சர்வீஸ், ஆளும் சாமானுமாக நிரம்பிய வண்டி ஆகிய எல்லாவற்றையும் எஞ்சின் தாங்க வேண்டும் என்பதற்காக விடப்பட்ட இடைவெளி அது. ரீமேப் செய்பவர் அந்த இடைவெளியைத்தான் செலவழிக்கிறார். ஆகவே அதன் பிறகு எஞ்சினைப் பாதுகாக்கும் பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது: 10,000 கிலோமீட்டருக்கு மாற்றும் ஆயிலை அதற்கு முன்பே மாற்ற வேண்டும், வேகமாக ஓட்டி வந்து நிறுத்தினால் அரை நிமிடமாவது ஐடிலில் விட்டு டர்போவைக் குளிரவைத்த பிறகே அணைக்க வேண்டும்.

இனி நீங்கள் போகும் சாலையைப் பற்றி. வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று கடைகளும் வளைவுகளும் நிறைந்த தேசிய நெடுஞ்சாலை 66இல், வண்டி பெரும்பாலும் முப்பது நாற்பதில் ஊர்ந்து, திடீரென ஓர் இடைவெளி கிடைக்கும்போது இழுக்க வேண்டியிருக்கிறது. அதாவது 2000 ஆர்பிஎம்முக்குக் கீழேதான் உங்களுக்குக் குறை. உங்கள் வண்டியில் இருப்பது இறகுகள் நிலையாக அமைந்த சிறிய டர்போ. இதே எஞ்சினின் 90 குதிரைத்திறன் வகையில் இருப்பது போல மாறும் இறகுகள் கொண்டதன்று. குறைந்த சுழற்சியில் அது போதிய காற்றைத் தருவதில்லை. காற்று இல்லாத இடத்தில் டீசலைக் கூட்டினால் கறும்புகைதான் கூடும். ரீமேப் செய்த பிறகு 2000க்கு மேல் நல்ல மாற்றம் தெரியலாம். அதற்குக் கீழே உள்ள தயக்கம் ஓரளவே குறையும். மூன்றாவது கியருக்கு இறக்கி முந்தும் பழக்கம் இந்தச் சாலையில் அதைவிட அதிகம் உதவும் என்பது என் கருத்து. காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் திருநெல்வேலிப் பக்கம் அதிகம் போகிறவர் என்றால் நான் சற்று வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். ஆனால் அங்கும் பிரேக்கையும் டயரையும் மறக்கக் கூடாது. 80இல் செல்லும் வண்டியைவிட 100இல் செல்லும் வண்டியை நிறுத்த, பிரேக் ஏறக்குறைய 56 சதவீதம் அதிக ஆற்றலை விழுங்க வேண்டும்.

சட்டத்தைப் பலரும் கடைசியில்தான் கேட்கிறார்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை உரிமையாளர் மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சோதனைச் சாவடியில் ஃபைலை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பெரிய விபத்துக்குப் பிறகு, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால், உங்கள் குடும்பம்தான் நடுத்தெருவில் நிற்கும். ஈஜிஆரை அடைப்பது, பிஎஸ்6 வண்டிகளில் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியை எடுத்துவிடுவது ஆகியவற்றையும் சேர்த்துச் செய்து தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் கடை வைத்திருப்பவர்கள்.

இத்தனைக்கும் பிறகு செய்வது என்று முடிவெடுத்தால், ட்யூனரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். என் வண்டியின் ஈசியூவிலிருந்து அசல் ஃபைலைப் படித்து அதைத் திருத்துவீர்களா, அல்லது வேறொரு ஸ்விஃப்டுக்குச் செய்த ஃபைலை ஏற்றுவீர்களா? மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சக்தியை அளக்கும் டைனோ கருவியில் ஓட்டியோ, சாலையில் ஸ்கேனரோடு பதிவுசெய்தோ காட்டுவீர்களா? ஃபைல் ஏறும் நேரத்தில் பேட்டரியோடு சார்ஜரை இணைப்பீர்களா? பாதியில் மின்னழுத்தம் விழுந்தால் ஈசியூ செயலிழந்து, வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாதவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் போக வேண்டாம். அசல் ஃபைலின் நகலை ஒரு பென் டிரைவில் வாங்கி வீட்டில் வையுங்கள்; ஷோரூமில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்தால் ரீமேப் அழிந்துவிடலாம் என்பதால், சர்வீஸுக்கு விடும்போது அதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், இந்த மாதம் குழாய், ஃபில்டர், மேனிஃபோல்டு, இன்ஜெக்டர் வேலைகளை மட்டும் முடித்துவிட்டு, அதே திருவனந்தபுரம் சாலையில் சில வாரங்கள் ஓட்டிப் பார்ப்பேன். அப்போதும் குறை தெரிந்தால் மட்டும் ட்யூனரைத் தேடுவேன்.